ஆலை இல்லா ஊரின் இலுப்பைப் பூ

தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்

இன்றைய மன்றத்துக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'கழிவிலிருந்து எரிபொருள்: கனவா, தொழிலா?' என்பது. தலைப்பைப் பார்த்ததும், இது இனிமேல் வரப்போகிற ஏதோ ஒரு புதுமை என்று எண்ணத் தோன்றும். அப்படி அல்ல. தாவரங்களின் சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுத்து, அதிலிருந்து கரைப்பானும் எரிபொருளும் எடுக்கும் தொழில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய ஆலைகளில் நடந்தது. ஓர் உலகப் போருக்கு வெடிமருந்து செய்ய உதவியது. கார்களுக்கு வண்ணம் பூச உதவியது. பிறகு படுத்துவிட்டது. அது ஏன் எழுந்தது, ஏன் படுத்தது என்று தெரிந்தால்தான், சிங்கப்பூரில் மறுபடி எழுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று ஒரு பழமொழி உண்டு. கரும்பாலை உள்ள ஊர்க்காரன் இலுப்பைப் பூவைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆலை இல்லாத ஊரில் அதுவே இனிப்பு. சிங்கப்பூர் ஆலை இல்லாத ஊர். இங்கே கரும்புத் தோட்டம் கிடையாது, சோளக் காடு கிடையாது, எண்ணெய்க் கிணறும் கிடையாது. அப்படியானால் இந்த ஊரின் இலுப்பைப் பூ எது? அதைத்தான் இந்த உரை தேடிப் பார்க்கப் போகிறது.

மாவுப் பானையில் நடப்பது

தமிழ்க் குடும்பங்களுக்கு நொதித்தலைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது. லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகின்றன. அமிலத்தால் மாவு புளிக்கிறது. வாயுவால் பொங்குகிறது. தென்னம்பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீர் சில மணி நேரத்தில் கள்ளாக மாறுவதும் இதே கதைதான். அங்கே ஈஸ்ட்டும் ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சேர்ந்து சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகின்றன. ஒரு காலத்தில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்திய ஊர் சிங்கப்பூர் என்பது பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் ஒரு தூரத்து உறவுக்காரர் உண்டு. பெயர் கொஞ்சம் நீளம்: குளோஸ்ட்ரிடியம் அசிட்டோபூட்டிலிக்கம். மண்ணில் வாழும் பாக்டீரியா. காற்றில் உள்ள ஆக்சிஜன் இதற்கு ஆகாது. காற்றுப் புகாத தொட்டியில், மாவுக் கஞ்சியிலோ சர்க்கரைப் பாகிலோ விட்டால், இது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது.

முதல் கட்டத்தில் சர்க்கரையைத் தின்று, அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும் வெளியேற்றுகிறது. தொட்டி புளித்துக்கொண்டே போகிறது. அப்படியே போனால் தான் உண்டாக்கிய புளிப்பிலேயே அது சாக வேண்டியதுதான். அந்த நிலை வந்ததும் போக்கை மாற்றிக்கொள்கிறது. வெளியே விட்ட அமிலத்தை மறுபடி உள்ளே இழுத்து, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத கரைப்பான்களாக மாற்றுகிறது. இது இரண்டாம் கட்டம். கிடைப்பவை மூன்று: பூட்டனால், அசிட்டோன், எத்தனால். எடைக் கணக்கில் ஏறத்தாழ 6 பங்கு, 3 பங்கு, 1 பங்கு. கூடவே ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வெளியேறும்.

அசிட்டோன் என்றால், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் ஞாபகம் வரும். பூட்டனால் வண்ணப்பூச்சுத் தொழிலின் கரைப்பான். வண்டிக்கு எரிபொருளாகவும் ஆகும். எத்தனால்தான் சாராயம். இந்த மூன்றில் பூட்டனாலுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது என்றால், பூட்டனாலில் 29, எத்தனாலில் 21. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பூட்டனால் அந்த அளவுக்கு இழுக்காது. 2005-ல் டேவிட் ராமி என்ற அமெரிக்கர், ஒரு பழைய பியூக் காரை முழுக்கப் பூட்டனாலிலேயே அமெரிக்காவின் குறுக்கே ஓட்டிக் காட்டினார்.

ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பூட்டனால் அமிலத்தை விட மேல் என்றாலும், அதுவும் ஒரு நஞ்சுதான். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 13 கிராம் சேர்ந்ததும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். மூன்று கரைப்பான்களையும் சேர்த்தால்கூடத் தொட்டியில் 2 விழுக்காடுதான் தேறும். மீதி 98 பங்கும் தண்ணீர். அத்தனை தண்ணீரைச் சூடாக்கி வடிக்க வேண்டும். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பரை வெல்லப் புறப்பட்ட பாக்டீரியா

நொதித்தலில் பூட்டனால் உண்டாவதை 1861-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் கண்டு சொல்லிவிட்டார். ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை யாரும் தொழிலாக நினைக்கவில்லை. நினைக்க வைத்தது ரப்பர்.

1910-ல் கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. டயருக்கு ரப்பர் வேண்டும். லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. இயற்கை ரப்பர் இவ்வளவு விலை விற்றால், செயற்கை ரப்பர் செய்தால் என்ன என்று இங்கிலாந்தில் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் கிரகாம் என்ற நிறுவனம் யோசித்தது. மாவுச்சத்திலிருந்து பூட்டனால், பூட்டனாலிலிருந்து பூட்டாடையீன், அதிலிருந்து ரப்பர். இதுதான் திட்டம். பாரிசில் பாஸ்டர் கழகத்தைச் சேர்ந்த பெர்ன்பாக்கும், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர்கினும் சைம் வைஸ்மனும் இந்த வேலையில் இறங்கினார்கள்.

இந்தக் கதையில் சிங்கப்பூர் எங்கே வருகிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் வருகிறது. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888-ல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நட்டார்கள். மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவியவர்கள் யார்? கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள்.

அந்த மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 1914 வாக்கில், 1910-ன் உச்ச விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மான்செஸ்டரில் ஒரு பாக்டீரியாவை வைத்துக்கொண்டு ரப்பர் செய்ய முயன்றவர்களால் அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை. பாக்டீரியா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைத் தோற்கடித்தது மலாயா மரத்தின் பாலும், அதைச் சீவிய தமிழர்களின் மலிவான கூலியும். அந்தத் தொழிலாளர்களுக்கு இப்படியொரு போட்டி நடந்ததே தெரியாது.

போர் கொடுத்த வாழ்வு

ரப்பர் கைவிட்ட தொழிலைப் போர் கைதூக்கியது. பிரிட்டிஷ் படைகளின் பீரங்கிகளில் கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து பயன்பட்டது. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலைக்குப் பெயரே கார்டைட் தொழிற்சாலை. அந்த மருந்தைப் பிசைந்து பதமாக்க அசிட்டோன் வேண்டும். அதுவரை அசிட்டோனை மரத்திலிருந்து எடுத்தார்கள். மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி வடிக்கும் முறை. ஒரு டன் அசிட்டோனுக்கு 80 டன்னுக்கும் மேல் மரம் தேவைப்பட்டது. 1914-ல் போர் மூண்டதும் இருப்பு போதவில்லை.

வைஸ்மன் இதற்குள் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, தனியாக ஆராய்ந்து, மற்றவற்றைவிடத் திறமையான ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தார். அதற்கு ஒரு சிறப்பு உண்டு. சாராயம் காய்ச்சும் ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது. மாவை முதலில் சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும். வைஸ்மனின் பாக்டீரியா மக்காச்சோளக் கஞ்சியை அப்படியே தின்றது. கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தம்மை அழைத்து, 30,000 டன் அசிட்டோன் வேண்டும் என்று கேட்டதாக வைஸ்மன் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். லண்டனில் ஜின் காய்ச்சும் ஆலை ஒன்றில் சோதனை நடந்தது. பிறகு இங்கிலாந்தில் ஹோல்டன் ஹீத், கிங்ஸ் லின் ஆகிய இடங்களிலும், கனடாவின் டொராண்டோவிலும் உற்பத்தி நடந்தது. இந்தியாவில் நாசிக்கிலும் ஓர் ஆலை எழுப்பப்பட்டது.

அங்கும் தீனிப் பிரச்சினை வந்துசேர்ந்தது. 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததால் இங்கிலாந்துக்குத் தானியம் வருவது குறைந்தது. மனிதருக்கே போதாத சோளத்தைப் பாக்டீரியாவுக்கு எப்படிக் கொடுப்பது? பள்ளிப் பிள்ளைகளை விட்டுக் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்க்கச் சொன்னார்கள். மனிதர் தின்னாத கொட்டை அது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் கில்பர்ட் ஃபௌலரும் அவருடைய குழுவினரும், 1920-ஆம் ஆண்டுவாக்கில் இலுப்பைப் பூவின் சர்க்கரையை நொதிக்க வைத்துச் சாராயம் எடுப்பது பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். பழமொழி ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டது.

எழுச்சியும் வீழ்ச்சியும்

போர் முடிந்தது. அசிட்டோனுக்குத் தேவை குறைந்தது. ஆனால் ஒரு டன் அசிட்டோன் எடுக்கும்போது இரண்டு டன் பூட்டனாலும் கூடவே வந்திருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சேர்த்துவைத்திருந்தார்கள். அதற்கும் வேளை வந்தது. 1920-களில் கார் தயாரிப்பு வேகம் பிடித்தபோது, பழைய வண்ணப்பூச்சு காய வாரக்கணக்கில் ஆயிற்று. பூட்டனாலிலிருந்து செய்த கரைப்பானைச் சேர்த்த புதுப் பூச்சு சில மணி நேரத்தில் காய்ந்தது. போரில் வேண்டாத சரக்காக இருந்த பூட்டனால், தொழிலின் முக்கியச் சரக்காகிவிட்டது. அமெரிக்காவின் டெர்ரே ஹோட், பியோரியா நகரங்களில் பெரிய ஆலைகள் நடந்தன.

வியாதியும் வந்தது. பாக்டீரியாவுக்கா வியாதி என்று கேட்கலாம். உண்டு. 1923-ல் டெர்ரே ஹோட் ஆலையில் விளைச்சல் திடீரென்று பாதியாகக் குறைந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் காரணம். அதைத் தாங்கும் வகையைத் தேடிப் பிடித்த பிறகே ஆலை பழைய நிலைக்கு வந்தது.

1936-ல் வைஸ்மனின் காப்புரிமை முடிந்ததும் பல நாடுகள் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகை வைத்து இதே தொழிலைத் தொடங்கின. எண்ணெய் வளம் இல்லாத ஜப்பான், போர்க்காலத்தில் சர்க்கரையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பூட்டனாலாக்கி, விமான எரிபொருளுக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்தியது. 1945 வாக்கில் அமெரிக்காவின் பூட்டனாலில் மூன்றில் இரண்டு பங்கு பாக்டீரியா செய்ததுதான்.

பதினைந்தே ஆண்டுகள். 1960 வாக்கில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. பெட்ரோலியத்திலிருந்து பூட்டனால் செய்வது மலிவாகிவிட்டது. அதே நேரத்தில் கழிவுப் பாகை மாட்டுத் தீவனமாக வாங்க ஆள் வந்துவிட்டதால் அதன் விலை ஏறிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஆலை 1980-களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. மற்றபடி ஒரு யுகம் முடிந்தது.

உற்பத்திச் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு தீனிக்கே போய்விடும் என்பது இந்தத் தொழிலை ஆராய்ந்தவர்கள் சொன்ன கணக்கு. கிருமி தோற்றதில்லை, விலைதான் தோற்றிருக்கிறது. ரப்பர் மலிந்தபோது ஒரு முறை, பெட்ரோலியம் மலிந்தபோது இன்னொரு முறை. அண்மையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2016-ல் மறுபடி ஓர் ஆலை சோளத்திலிருந்து பூட்டனாலும் அசிட்டோனும் செய்யத் தொடங்கியது. 2019-ல் அதுவும் மூடப்பட்டது.

உணவைத் தீனியாக்குவதில் விலை மட்டும் பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரில் இந்தியாவில் கரும்பு விளைச்சல் குறையும் என்ற நிலை வந்தபோது, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் செய்வதை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அங்கே வேலை செய்வது ஈஸ்ட், பாக்டீரியா அல்ல. ஆனால் சங்கடம் ஒன்றுதான். வண்டியும் வயிறும் ஒரே தட்டில் கை வைத்தால், வயிறு விட்டுக்கொடுக்காது. விட்டுக்கொடுக்கவும் கூடாது.

சக்கையில் பூட்டிக் கிடக்கும் சர்க்கரை

சரி, யாரும் தின்னாத சர்க்கரை எங்கே இருக்கிறது? லிட்டில் இந்தியாவில் ஒரு சுற்று சுற்றினாலே கண்ணில் படும். தேக்கா நிலையத்தில் கரும்புச் சாறு பிழிந்ததும் மிஞ்சும் சக்கை. பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளில் கழித்துப்போடும் தழையும் தண்டும். பூக்கடைகளில் வாடிப்போன சரம். ரேஸ் கோர்ஸ் சாலை உணவகங்களில் சாப்பிட்டு மடித்த வாழை இலை. இவற்றில் இனிப்பு இல்லை என்று நாக்கு சொல்லும். வேதியியல் வேறு விதமாகச் சொல்லும்.

கரும்புச் சக்கையைக் காயவைத்து எடை போட்டால், ஏறத்தாழ 40 விழுக்காடு செல்லுலோஸ். இன்னொரு கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். இரண்டுமே சர்க்கரைகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலிகள்தான். லிக்னின் என்ற பசை அவற்றைச் சுற்றிப் பூசிக்கொண்டு கெட்டியாக நிற்கிறது. சர்க்கரை இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்க அமிலமும் சூடும் வேண்டும், விலை கூடிய என்சைம்களும் வேண்டும். திறப்பதற்கே செலவு போய்விட்டால், இலவசச் சக்கையும் விலை கூடிய தீனி ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூரின் சொந்தப் பங்கு வருகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் ஹே ஜியன்சோங்கின் ஆய்வுக்குழு, காளான் அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் கழிவில் ஒரு பாக்டீரியாவைத் தேடியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இயற்கையாக வளரவிட்டு, அதில் ஒரு வகையைப் பிரித்தெடுத்தது. டிஜி57 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது வெப்பத்தை விரும்பும் இனம். தாவர நாரில் உள்ள செல்லுலோஸை, வெளியிலிருந்து என்சைம் சேர்க்காமல், தானே உடைத்துத் தானே பூட்டனாலாக மாற்றுகிறது. பூட்டைத் திறப்பதும் அதே ஆள், சமைப்பதும் அதே ஆள். மரபணுவை மாற்றாமலே இப்படி ஒரு பாக்டீரியா கிடைத்தது பெரிய செய்தி. 2018-ல் சயன்ஸ் அட்வான்சஸ் ஆய்விதழில் இது வெளியானது.

பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்லுலோஸிலிருந்து அது கொடுத்தது ஒரு லிட்டரில் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மாவோ பாகோ தின்னும் பழைய பாக்டீரியா கொடுப்பது 12, 13 கிராம். அதையே வடித்தெடுப்பது செலவு என்று பார்த்தோம். அப்படியானால் இன்னும் எத்தனை படி ஏற வேண்டும் என்பது தெளிவு.

யானைப் பசியும் சோளப் பொரியும்

நாரை விட்டுவிட்டு, எளிதான தீனியைப் பார்ப்போம். வைஸ்மனின் பாக்டீரியா மாவுச்சத்தை அப்படியே தின்னும் என்று பார்த்தோம். சிங்கப்பூரில் மிஞ்சிப்போகும் சோறு, மீ, ரொட்டி எல்லாம் மாவுச்சத்துதானே? 2023-ல் சிங்கப்பூரில் உண்டான உணவுக் கழிவு 755,000 டன். அதில் மறுபயனீடு ஆனது 18 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி எரிஉலைக்குப் போகிறது. அதன் சாம்பல் 1999-ல் திறக்கப்பட்ட செமக்காவ் தீவுக்குப் போகிறது. அந்தத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. முக்கால் பங்கு தண்ணீராக இருக்கும் சோற்றையும் குழம்பையும் நெருப்பில் போட்டு எரிப்பது கெட்டிக்காரத்தனமா என்று யாரும் கேட்கலாம்.

இதை முழுக்கப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? தோராயமாகப் பார்க்கலாம். தண்ணீரைக் கழித்தால் கால் பங்குக்கும் குறைவு. அதில் மாவும் சர்க்கரையும் பாதி என்று வைப்போம். மூன்று கிலோ சர்க்கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரைப்பான் வரும். ஒரு பருக்கை விடாமல் சேர்த்தாலும் ஆண்டுக்கு முப்பதாயிரம் டன்னைத் தாண்டுவது கடினம்.

இது பெரிதா, சிறிதா? சிங்கப்பூர் துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அங்கே நொதித்தல் இல்லை. பழைய சமையல் எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜன் சேர்த்து எரிபொருளாக்கும் முறை. 2023-ல் விரிவாக்கம் முடிந்தபோது அது ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வரை பசுமை விமான எரிபொருள் தயாரிக்கும் திறன் பெற்றது. அதன் பக்கத்தில் முப்பதாயிரம் டன் என்பது யானைப் பசிக்குச் சோளப் பொரி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களில் பசுமை எரிபொருளின் பங்கு 2026-ல் 1 விழுக்காடு, 2030-ல் 3 முதல் 5 விழுக்காடு என்ற இலக்கை அரசாங்கம் 2024-ல் அறிவித்தது. ஆல்கஹாலிலிருந்து விமான எரிபொருள் செய்யும் முறைக்கு 2016-லேயே தர அங்கீகாரம் கிடைத்துவிட்டது. வழி இருக்கிறது. ஆனால் ஊர் வண்டியெல்லாம் மிச்சச் சோற்றில் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அதற்காகத் தூக்கிப்போட வேண்டியதும் இல்லை. பழைய வரலாறு ஒரு வழி காட்டுகிறது. இந்தத் தொழில் நன்றாக வாழ்ந்த காலத்தில் அது எரிபொருள் விற்று வாழவில்லை. கரைப்பான் விற்று வாழ்ந்தது. பெட்ரோல் கொளுத்தித் தீர்க்கும் சரக்கு, அதற்கு மலிவான விலைதான் கிடைக்கும். பூட்டனாலும் அசிட்டோனும் வண்ணப்பூச்சுக்கும் பசைக்கும் மருந்துத் தொழிலுக்கும் வேண்டியவை. பொதுவாக அவற்றுக்கு எரிபொருளை விட நல்ல விலை உண்டு. ஜூரோங் தீவில் இரசாயன ஆலைகள் நிறைந்த ஊரில் வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போகாது. இருபதாயிரம், முப்பதாயிரம் டன் எரிபொருள் சந்தையில் கடலில் கரைத்த பெருங்காயம். கரைப்பான் சந்தையில் அது ஒரு தொழில்.

துவாஸ் சொன்ன பாடம்

ஆனால் அந்தத் தொழிலுக்கு முன்னால் ஒரு தடை நிற்கிறது. அது ஆய்வுக்கூடத்தில் இல்லை, குப்பைத் தொட்டியில் இருக்கிறது.

பாக்டீரியாவைக் கொண்டு உணவுக் கழிவை எரிவாயுவாக்கும் ஓர் ஆலை சில ஆண்டுகள் துவாஸில் நடந்தது. அங்கே இருந்தவை வேறு வகை பாக்டீரியாக்கள். பூட்டனால் அல்ல, மீத்தேன் கொடுப்பவை. மீத்தேன் பாக்டீரியாக்கள் ஓரளவு கலப்படத்தையும் பொறுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் அந்த ஆலை 2011-ல் மூடப்பட்டது. பாக்டீரியா வேலை செய்யாததால் அல்ல. போதுமான கழிவு, ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட கழிவு, வந்துசேரவில்லை. வந்த கழிவில் பிளாஸ்டிக் பையும் கரண்டியும் கலந்திருந்தன. ஊரெல்லாம் உணவுக் கழிவு, ஆலைக்கு மட்டும் தீனி இல்லை.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் உலு பாண்டான் நீர் மீட்பு ஆலையில், கழிவுநீர்ச் சேற்றோடு உணவுக் கழிவையும் சேர்த்து நொதிக்கவைத்துப் பார்த்தது. சேற்றை மட்டும் நொதிக்கவைப்பதை விட, எரிவாயு மூன்று மடங்கு வரை கிடைக்கும் என்று தெரிந்தது. துவாஸ் நெக்சஸ் வளாகத்துக்கான திட்டம் இந்த முறையில்தான் வகுக்கப்பட்டது. 2019-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வளங்களைக் காக்கும் சட்டம், பெரிய அளவில் உணவுக் கழிவு உண்டாகும் கட்டடங்கள் அதைப் பிரித்துக் கையாள வழிவகுத்தது. ஹோட்டலும் கடைத்தொகுதியும் இதற்குள் வந்துவிடும். வீடுகள்தான் வெளியே நிற்கின்றன. பல வீவக அடுக்குமாடிகளில் ஒரே குழாய்வழியே எல்லாமே போகிறது. சோறும், கண்ணாடிப் புட்டியும், குழந்தையின் டயப்பரும் கீழே ஒரே தொட்டியில் விழுந்து கலந்துவிட்டால், பிறகு எந்த விஞ்ஞானியாலும் அதை மலிவாகப் பிரிக்க முடியாது. கரைப்பான் கொடுக்கும் பாக்டீரியா மீத்தேன் பாக்டீரியாவைப் போலப் பொறுமைசாலியும் அல்ல. அதற்குக் கலப்பில்லாத தீனி வேண்டும்.

இலுப்பைப் பூவுக்கும் இந்த நியாயம் உண்டு. மரத்தடியில் விழுந்த பூவை அதிகாலையில் பொறுக்கி, மண்ணும் சருகும் நீக்கி, காயவைத்தால்தான் அது சர்க்கரை. அப்படியே விட்டுவிட்டால் காலில் மிதிபடும் குப்பை. பூ இலவசம். பொறுக்குவதுதான் வேலை.

ஆகவே மன்றத்தின் கேள்விக்குப் பதில் இது. எரிபொருளாகப் பார்த்தால், சிங்கப்பூருக்கு இது இன்றைக்கு இன்னும் கனவு. கரைப்பானாகப் பார்த்தால், தொழிலாக முடியும். ஆனால் அது முடியுமா என்பதைக் கெண்ட் ரிட்ஜில் உள்ள ஆய்வுக்கூடம் மட்டும் தீர்மானிக்காது. மலாயாவில் ரப்பர் மரம் சீவிய கை, தனக்குத் தெரியாமலே ஒரு பாக்டீரியாவின் தலைவிதியை ஒரு முறை எழுதியது. அடுத்த முறை அதை எழுதப்போவது, சோற்றுத் தட்டை வழித்துப்போடும் கை. இந்த முறை அந்தக் கைக்கு விவரம் தெரியும்.

வீட்டில் ஈரக் கழிவுக்குத் தனியாக ஒரு வாளி வைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. உங்கள் வட்டாரத்தில் உணவுக் கழிவைத் தனியாக வாங்கும் ஏற்பாடு இருந்தால் அதில் சேருங்கள். இல்லாவிட்டால், குடியிருப்பாளர் குழுவிடம் கேளுங்கள். விருந்து வைப்பவர்கள் சமையல் ஒப்பந்தக்காரரிடம், மிச்சத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேள்வி கேட்பவர்கள் பெருகினால் ஏற்பாடும் பெருகும்.